நோயில்லாதவர் வரிசையில் என் ரத்தம்

1

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை, அங்கே வேலை செய்கிறவர்களே வரிசையில் நின்று ரத்தம் கொடுப்போம். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். வெளியே ஆள் தேடுவதைவிட உள்ளே இருப்பவர்களைக் கேட்பது எளிது. கொடுத்தவர்களுக்கு ஆப்பிள் கேக் ஒரு துண்டும் காப்பியும் உண்டு. ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நான் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. கேக் ஒரு காரணம். நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்பதை யாரோ குறித்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற திருப்தி இன்னொரு காரணம்.

ரத்தம் எடுப்பவர் பிர்கிட் என்ற மூத்த செவிலியர். தன்னை 'நீ' என்றே அழைக்கும்படி முதல் வாரமே சொல்லிவிட்டார். இங்கே கூட வேலை செய்கிறவர்களுக்குள் அதுதான் முறை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற சூலூரில் வளர்ந்த எனக்கு அது இன்னும் வாயில் வரவில்லை. 'நீ' என்று தொடங்கி 'நீங்கள்' என்று முடிப்பேன். அவர் சிரித்துக்கொள்வார்.

இந்தச் சித்திரையில் என் முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டிவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். காய்ச்சல் ஏதாவது உண்டா? மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாயா? குடும்பத்தில் யாருக்காவது லூப்பஸோ அதுபோன்ற நோயோ இருக்கிறதா? எப்போதும் மூன்றுக்கும் ஒரே மூச்சில் 'இல்லை' சொல்லிவிடுவேன். இந்தத் தடவை மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

"என் அக்காவுக்கு லூப்பஸ்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. தமிழில்கூடச் சொன்னதில்லை. பிர்கிட் எதுவும் கேட்காமல் பட்டையை அவிழ்த்தார். இனி நீ இந்த வரிசையில் வரமுடியாது, உறவினர்களுக்கு வேறு பிரிவு இருக்கிறது, இதற்கு முன் கொடுத்த ரத்தத்தையும் அங்கே மாற்ற வேண்டும், நான் சொல்லிவிடுகிறேன் என்றார். பிறகு இரண்டு துண்டு கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லூப்பஸ் என்றால் என்ன என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கும் நோய் இது. மூட்டு, தோல், ரத்தம், சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் பிள்ளை பெறும் வயதில் வருகிறது. ஒட்டாது. முழுதாகப் போகவும் போகாது. சீக்கிரம் கண்டுபிடித்து, இடைவிடாமல் மருந்து கொடுத்தால் அடக்கி வைக்கலாம். தாமதமானால் அது பிடித்த உறுப்பைத் திருப்பி வாங்க முடியாது.

என் அக்கா கோகிலாவுக்கு இது இரண்டு வருடமாக இருக்கிறது. இப்போது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. எவ்வளவு தூரம் என்று தெரிய அதிலிருந்து ஒரு துளி சதையை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். பயாப்சி என்பார்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வைகாசியில் எனக்கு நிச்சயதார்த்தம் என்பதால் வீட்டில் தள்ளிப்போட்டார்கள்.

2

எனக்கு இது தெரியவந்தது, பிர்கிட் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மூன்று வாரம் முன்னால். சனிக்கிழமை, துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாமாவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை, பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். அவர் தனியாக எனக்குப் போன் செய்வது தீபாவளிக்கு மட்டும்தான். பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது.

பட்டறைக்கு வந்துபோகிற ஒருவருடைய சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்றும், நான் ரத்தப் பரிசோதனை வேலையில் இருப்பதால் ஒரு சந்தேகம் கேட்கிறேன் என்றும் ஆரம்பித்தார். பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தார். யூரினில் புரோட்டீன் மூன்று பிளஸ். சி த்ரீ குறைவு. டிஎஸ் டிஎன்ஏ என்று ஒன்று, அது மிக அதிகம். ஆள் யார் என்று தெரியாமலேயே எனக்கு நோய் தெரிந்துவிட்டது. நாள் முழுதும் இதே எண்களோடுதான் இருக்கிறேன்.

வயது கேட்டேன். முப்பத்தி நாலு என்றார். முகத்தில் சிவப்பு உண்டா என்றேன். ரெண்டு கன்னத்திலும் மங்கு மாதிரி இருக்கிறது, மூக்கு மேலேயும் கொஞ்சம் என்றார். குழந்தைகள்? ரெண்டு.

"பயாப்சி ஒரு ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா ஒன்னும் ஆகாதல்ல அம்மிணி? உங்கிட்டக் கேட்டுப்போட்டா ஒரு தெகிரியம்னு கேட்டேன்."

"மாமா, இது அக்காவுக்குங்களா?"

லேத் கொஞ்ச நேரம் ஓடியது. அவர் அதை நிறுத்தினார்.

"உங்கக்காவுக்குத் தெரிஞ்சா என்னையத் தொலைச்சுப்போடுவா" என்றார்.

3

மாமா எல்லாவற்றையும் சொல்லி முடித்தபிறகு அன்று நான் உட்கார்ந்து யோசித்தது, எப்படி இத்தனை பேர் இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்தார்கள் என்பதுதான். பார்க்காமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாம் நம்பக்கூடிய காரணம்.

மூட்டு வலிக்கு: சிக்குன்குனியா வந்துபோனால் வருடக்கணக்கில் இழுக்கும். கோயமுத்தூரில் பாதிப் பேர் அதைச் சொல்வார்கள்.

முகத்துச் சிவப்புக்கு: மங்கு. வெயிலில் ஸ்கூட்டரில் அலைந்தால் வராமல் என்ன செய்யும்.

முடி கொட்டியதற்கு: போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வருகிற பக்கம் வீடு மாறினால் நின்றுவிடும்.

அசதிக்கு: சின்னவன் பிறந்த பிறகு உடம்பைத் தேற்றிக்கொள்ளவே இல்லை.

நான்கு தனித்தனிக் காரணங்களை ஒன்றாகக் கட்டிப் பார்க்கிற டாக்டரிடம் போய்ச் சேரும்வரை யாருக்கும் இது தெரியாது. இங்கேயும் அப்படித்தான். எங்கள் ஆய்வுக்கு வரும் ஜெர்மன் பெண்களும் வருடக்கணக்கில் தோல் டாக்டர், மூட்டு டாக்டர், மனநல டாக்டர் என்று சுற்றிவிட்டு வந்தவர்கள்தான். அதனால்தான் எங்களைப் போன்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. நோயாளியின் ரத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் இருக்கும் செல்கள்மேல் விட்டால், அதில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் செல்லின் உட்கருவில் போய் ஒட்டும். நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். சிலருக்கு முழு வட்டமாக, சிலருக்குப் பொட்டுப் பொட்டாக, சிலருக்கு ஓரத்தில் மட்டும். அந்தப் படங்களைத் தரம் பிரிக்கும் மென்பொருள், கண் பழகிய ஒருவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. எது இயல்பு, எது நோய் என்று கோடு போட ஆரோக்கியமானவர்களின் படங்கள் வேண்டும். அந்தப் படங்களில் சில என் ரத்தத்தில் எடுத்தவை.

அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுவோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சத்துக்குத் திரும்பு என்று சொன்னால், இந்த மூஞ்சியைப் பார்த்து என்ன பண்ணப் போறே என்பாள். அது விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

நோய் இன்னது என்று தெரிந்தபிறகு அவர்கள் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கேரளத்திலிருந்து வைத்தியத்துக்காகக் கோயமுத்தூருக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் எதிர்ப்பக்கமாக, வாளையார் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போனார்கள். கோயமுத்தூரில் எந்த ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலிக்காரர் "எந்தூருங்க?" என்று ஆரம்பிப்பார். அடுத்தது யாரு ஊட்டுப் புள்ளைங்க, எந்தக் கூட்டமுங்க. பத்து நிமிஷத்தில் குலத்தை வைத்து ஒறம்பரை, அதாவது சொந்தம், என்ன முறை என்று கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலத்துக்குள் சேதி பொள்ளாச்சி போய்விடும்.

பொள்ளாச்சிதான் விஷயம். எனக்குப் பார்த்திருக்கும் பிரபுவின் வீடு அங்கே. தென்னந்தோப்பும் கொப்பரை வியாபாரமும். பிரபு ஜெர்மனியிலேயே வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அம்மா அந்த இடத்தை இரண்டு வருடமாகப் பொறுமையாக நகர்த்திக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும்போது கூட்டம், ஜாதகம் எல்லாம் நேராகக் கேட்பார்கள். ஒன்றை மட்டும் சுற்றி வளைத்து மூன்றாம் ஆளை விட்டுக் கேட்பார்கள்: அந்த ஊட்டுல சீக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?

பாலக்காடு போக வர ஒரு நாள் ஆகும். மாமா பட்டறையை மூட வேண்டும். பிள்ளைகளைச் சூலூரில் அம்மாவிடம் விட வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை போக வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆனது. இடையில் யூரின் டெஸ்ட் எடுக்கச் சொன்னதைக் கணபதியிலேயே எடுக்கலாம். லேபில் வேலை செய்யும் பெண் எங்கள் சித்தப்பாவுக்கு ஒறம்பரை. எடுக்கவில்லை.

என் வேலையில் ஏதாவது தவறிப்போனால் எங்கே தவறியது என்று படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்ப்போம். இதிலும் பார்த்தேன். நான் செய்த தவறு என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியவில்லை. செய்திருந்தால் திருத்தியாவது இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் என் பெயர் இருந்தது.

4

அம்மாவிடம் பேசினேன். மாமாவை மாட்டிவிடாமல், அக்காவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். அம்மா நம்பினார். இவள் படித்த படிப்புக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்திருப்பார். அது என்னை இன்னும் குறுக வைத்தது.

இப்போது பயாப்சி செய்தால் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், பிறகு கொஞ்ச நாள் கனம் தூக்கக் கூடாது, மருந்தும் கடுமையாக இருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. நிச்சயத்தில் தட்டு வாங்கி நிற்க வேண்டியவள் அக்கா. அவள் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

"நிச்சயம் முடியட்டும் கண்ணு. பொறவு எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன். நானென்ன அவளப் பெத்தவ இல்லியா?"

நிச்சயத்துக்குப் பிறகு கல்யாணம் வரும், ஆவணியில். கல்யாணத்துக்குப் பிறகு விருந்து வரும். இதை நான் சொல்லவில்லை. சிறுநீரகம் வலிக்காமலே கெட்டுப்போகும், இன்று செய்தால் எந்த வகை என்று தெரிந்து அதற்கான மருந்தைக் கொடுக்கலாம், தள்ளிப்போட்டால் கொடுக்க மருந்து இருக்கும், காப்பாற்றச் சிறுநீரகம் இருக்காது என்று சொன்னேன்.  அம்மா கேட்டார்:

"அங்க நீங்க இத்தன பேரு உக்காந்து ஆராய்ச்சி பண்றீங்களே. இதுக்கு மருந்து கண்டுபுடிச்சுட்டாங்களா?"

 புது மருந்துகள் வந்திருக்கின்றன. முன்னைவிட எவ்வளவோ மேல். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சிறுநீரகம் பாதித்த லூப்பஸுக்கே ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் சேர இந்த ஊரில் குடியிருக்க வேண்டும். எங்கள் ஆய்வில் இருக்கும் பெண்கள் எல்லாரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திகூட இல்லை. அக்காவின் நோயில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது, அதன் பலன் அவளைப் போய்ச் சேர எத்தனை வருடம் ஆகுமோ என்பதை அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மா சொல்லி, அக்கா கூப்பிட்டாள். வேடிக்கையாகத்தான் பேசினாள். ஸ்டீராய்டில் முகம் உருண்டையாகிவிட்டதாம்.

"நெம்ப நாளைக்கப்பறம் எல்லாரும் என்னைய 'பூசுனாப்பல நல்லா இருக்கற'ன்னு சொல்றாங்க. நிச்சயத்துப் போட்டோவுல உன்னைய விட நாந்தான் நல்லாத் தெரியப்போறேன், பாரு."

நான் சிரிக்கவில்லை. அவள் குரல் மாறியது.

"நித்யா, உன்ற கலியாணம் நின்னா அது என்னாலன்னு ஆயிரும். சாகற வரைக்கும் ஒவ்வொருத்தியும் அதச் சொல்லுவா. இந்த வலிய நாந் தாங்கிக்குவேன். அத முடியாது. இதுல நீ தலையிடாத."

5

நேரில் போய்விடலாம் என்று நினைத்தேன். அங்கே போய் நின்றால் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் என் குடியுரிமை அட்டை அந்த மாதம் முடிகிறது. குடியுரிமை என்று எழுதிவிட்டேன். எனக்கு இங்கே குடியுரிமை இல்லை, தங்கும் அனுமதி அட்டை மட்டும்தான். நான்கு வருடத்தில் இப்படிச் சொற்களும் இடம் மாறிப் போகின்றன. புது அட்டைக்குக் கொடுத்திருந்த நாள் நிச்சயத்துக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குள் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி நுழைவது உறுதியில்லை.

குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அந்தத் தேதியை முன்னால் தள்ளித் தரும்படி கேட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். அவசரக் காரணம் என்ன என்றார். அக்காவுக்கு உடல்நலம் சரியில்லை என்றேன்.

"உயிருக்கு ஆபத்தா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான்கு வருடமாக ஒவ்வொரு சோதனை முடிவுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு உறுதி என்று எழுதிப் பழகிய கை இது. "உடனடியாக இல்லை" என்றேன். அவர் கணினியில் எதையோ தட்டிவிட்டு, அப்படியானால் பழைய நாளே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது, நான் சொன்னது சரியான பதிலா என்று யோசித்தேன். சரியான பதில்தான். அதில் எந்த ஆறுதலும் இல்லை.

6

பிர்கிட் பட்டையை அவிழ்த்தது அதற்கடுத்த வாரம். அவர் கொடுத்த கேக்கை இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆய்வு தவறாகிவிடக் கூடாது என்று என்னை ஒரு வரிசையிலிருந்து எடுத்து இன்னொரு வரிசையில் வைக்க அங்கே யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆய்வகத்தின் தலைவரான பேராசிரியர் சேதி கேட்டுச் சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். உறவினர்களின் ரத்தம் கிடைப்பது அபூர்வமாம். அங்கே மறைக்காததைப் பொள்ளாச்சியில் மறைத்து, அந்த மறைப்புக்கு அக்காவின் சிறுநீரகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரபுவைக் கூப்பிட்டேன். அவரோடு அதுவரை ஐந்தாறு தடவை பேசியிருப்பேன். நிதானமான மனிதர். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். என்ன நோய், எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை, இப்போது என்ன நிலை. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களுக்கு வருமாங்க?"

நியாயமான கேள்வி. கூடப் பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, எனக்கு வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். அவர் சொன்னார்:

"எனக்கு ஒன்னுமில்லைங்க. ஆனா அம்மாகிட்ட இப்ப வேண்டாமுங்க. கலியாணம் முடியட்டும். பொறவு பக்குவமா நானே சொல்லிக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் இன்று எனக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். ஆனால் என் அம்மா சொன்னதும் இதைத்தான். கல்யாணம் முடியும்வரை அக்கா பாலக்காட்டுக்கும் கணபதிக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருக்க வேண்டும். அவரிடம் அப்படியே சொன்னேன். நானே உங்கள் அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பொள்ளாச்சிக்குப் போன் செய்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

பிரபுவின் அம்மா ஆசையாக எடுத்தார். சாப்பிட்டயா கண்ணு, அங்க குளிர் உட்டுருச்சா, உன்ற சேலைக்கு ரவிக்கை அளவு அனுப்பச் சொன்னேனே என்று பேசிக்கொண்டே போனார். நான் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் தேங்காய் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மறைக்காம சொன்னீங்க, நெம்ப சந்தோசமுங்க என்றார்.

"ஊட்டுல எல்லாரும் கலந்துபோட்டுச் சொல்றோமுங்க. உங்கக்காவ உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

கண்ணு என்று ஆரம்பித்தவர் 'ங்க' போட்டு முடித்தார். எங்கள் பக்கம் வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள். பத்து நாள் கழித்து, பையனுக்கு இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்னு பாக்கறோம் என்று சொல்லியனுப்பினார்கள். பிரபு ஒரே வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

7

மறைக்க ஒன்றுமில்லாமல் போனதால் பாலக்காடு தேவைப்படவில்லை. மாமா அடுத்த வாரமே அக்காவைக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பயாப்சி முடிந்தது. சிறுநீரகம் பாதித்திருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கேட்கிற நிலைமை, இன்னும் சில மாதம் விட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மாமா சொன்னார். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நிம்மதியில் என்றுதான் நினைத்தேன்.

அக்கா என்னோடு பேசவில்லை. எதற்கென்று எனக்குத் தெரியும். அவள் மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி, ஒறம்பரை வந்தால் முகத்துக்குப் பவுடர் போட்டு, பாலக்காட்டுப் பஸ்ஸில் முக்காடிட்டு உட்கார்ந்து சேர்த்துவைத்தது என் கல்யாணம். யாரையும் கேட்காமல் ஒரு மதியத்தில் நான் அதைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். சரியானதைத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரிகிறது. மறுபடியும் இதே நிலைமை வந்தால் இதையேதான் செய்வேன். ஆனாலும் பேருந்தில் உட்காரும்போது, படங்களைப் பார்க்கும்போது, சோறு வடிக்கும்போது, அவளைக் கேட்டிருக்கலாமே என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவளுக்கு உயிரைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அது என்னுடையது என்பதாலேயே அதை முடிவு செய்யும் உரிமை எனக்கு மட்டும் வந்துவிடுமா?

புது அட்டைக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் அக்காவின் ஆஸ்பத்திரி அறையை நான் அம்மா சொல்லித்தான் பார்த்தேன். ஒறம்பரை வரிசை கட்டி வந்தார்களாம். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, இளநீர். வருகிற ஒவ்வொருவரும் என்னாச்சு என்பார்கள். அம்மா "கிட்னில சின்னதா" என்று இழுப்பார். எல்லாரும் போனபிறகு, மாமாவின் பெரியம்மா வழியில் ஒரு மருமகள் மட்டும் மீண்டும் உள்ளே வந்து, எந்த டாக்டருங்க, என்ன மாத்தர குடுக்கறாங்க என்று மெதுவாக விசாரித்தாளாம். ஏன் என்று கேட்டதற்குச் சும்மா என்றாளாம்.

மூன்றாம் நாள், வீட்டுக்குப் போகும் முன், அக்காவே கூப்பிட்டாள். நிமிர்ந்து படுத்தபடி போனை முகத்துக்கு மேலே பிடித்திருந்தாள். அறை விளக்கு முழு முகத்திலும் விழுந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும், எங்கள் பாடப்படங்களில் இருப்பது போலவே சிவப்பு. அந்த முகத்தை நான் இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"அந்தப் பையன் எப்படி? நல்லவனா?" என்றாள்.

"நல்லவர்தான்க்கா."

"அப்படின்னா கோவம் இன்னுங் கொஞ்சம் சாஸ்தியாகுது."

நான் மன்னித்துக்கொள்ளச் சொல்லத் தொடங்கினேன். அத உடு, அதுக்கு இன்னும் நாளிருக்குது என்றாள். அப்போது கதவு திறக்கும் சத்தம். யாரோ ஓர் அம்மாள் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா போனை மெத்தைமேல் வைத்தாள். எனக்கு அறையின் கூரை மட்டும் தெரிந்தது. அம்மா அறையில் இல்லை போலும். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன சீக்குன்னு ஒருத்தரும் சரியாச் சொல்ல மாட்டேங்கறாங்களே கோகிலா என்றார்.

"லூப்பஸ்ங்க" என்றாள் அக்கா. சாதாரணமாக, சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போல.

"அதென்ன அம்மிணி, கேள்விப்பட்டதே இல்லியே. நல்லாயிருமா?"

அக்கா போனைக் கையில் எடுத்தாள். கூரை ஆடியது, சுவர் ஓடியது, நரைத்த தலையோடு எனக்கு யாரென்று தெரியாத ஓர் அம்மாளின் முகம் திரை முழுக்க வந்து நின்றது.

"என்ற தங்கச்சி. இவகிட்டயே கேளுங்க. இவளுக்குத்தான் பொய் சொல்ல வராது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். போனைப் பிடித்திருக்கும் அக்காவை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"முழுசா நல்லாகாதுங்க" என்றேன். "மருந்த உடாம சாப்புட்டா அடக்கி வெச்சுக்கலாமுங்க. எங்கக்கா சாப்புடுவாங்க."